விமான நிலையத்தின் பொருளாதார, சமூக நிலைத்தன்மையை அளப்பது எப்படி: நெடும்பாசேரியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நெடும்பாசேரியில் உள்ள கொச்சி பன்னாட்டு விமான நிலையம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சூரிய மின்சாரம்தான். 2015 ஆகஸ்ட் 18 அன்று, 45 ஏக்கர் பரப்பில் 46,150 தகடுகளுடன் 12 மெகாவாட் திறனுள்ள மின் நிலையத்தைத் தொடங்கியதன் வழியே, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயரை அது பெற்றது. 2018இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் விருதும் கிடைத்தது. மின்சாரத்தை அளப்பது எளிது. அதற்கு மீட்டர் இருக்கிறது. ஆனால் அந்த நிலையம் அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் தன் செலவைத் தானே தாங்குமா, அதில் இரவுப்பணி செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வீட்டுக்குத் திரும்பப் பேருந்து உண்டா, அதற்காக நிலம் கொடுத்த குடும்பம் இன்று எப்படி இருக்கிறது ஆகிய கேள்விகளுக்கு மீட்டர் எதுவும் இல்லை. அந்த மீட்டரை எப்படி அமைப்பது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். விமான நிலைய நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும், உள்ளாட்சியில் இருப்பவர்களுக்கும், இத்துறையை ஆராயும் மாணவர்களுக்கும் இது பயன்படும் என எண்ணுகிறேன்.

படி 1: யாருடைய கணக்கு என்பதை முதலில் தீர்மானியுங்கள்

ஒரு விமான நிலையத்தின் வேலிக்குள் பணிபுரிபவர்களில் மிகச் சிறிய பகுதியினரே அந்த நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பார்கள். விமான நிறுவன ஊழியர்கள், சரக்கும் பெட்டியும் ஏற்றி இறக்குவோர், துப்புரவுப் பணியாளர்கள், மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர், குடியேற்ற, சுங்க அதிகாரிகள், கடைக்காரர்கள், டாக்சி ஓட்டுநர்கள் என மற்ற எல்லோரும் வேறு வேறு நிறுவனங்களுக்கு உரியவர்கள். ஆண்டறிக்கையில் 'எங்கள் ஊழியர்கள்' என்று வரும் பக்கம் பெரும்பாலும் அந்தச் சிறிய பகுதியை மட்டுமே குறிக்கும். எனவே எண்களைத் திரட்டத் தொடங்கும் முன்பே மூன்று வட்டங்களை வரைந்துகொள்ள வேண்டும்: நடத்தும் நிறுவனம், வேலிக்குள் இயங்கும் அனைத்து நிறுவனங்கள், வேலிக்கு வெளியே விளைவுகளை ஏற்கும் ஊர்கள். ஒவ்வொரு குறியீட்டின் பக்கத்திலும் அது எந்த வட்டத்துக்கு உரியது என்று எழுதிவிடுங்கள். எண்களைப் பார்த்த பிறகு எல்லையை வகுத்தால், எல்லை தானாகவே வசதியான இடத்தில் போய் நின்றுவிடும்.

குறியீடுகளைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உலகளாவிய அறிக்கையிடல் முயற்சி எனப்படும் ஜிஆர்ஐ, விமான நிலையங்களுக்கென்றே தனி இணைப்பு ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதில் ஏஓ7 என்பது விமான இரைச்சலால் பாதிக்கப்படும் பகுதிகளில் வாழ்வோரின் எண்ணிக்கையையும், ஏஓ8 என்பது வீட்டையோ வாழ்வாதாரத்தையோ இழந்து இடம்பெயர்ந்தவர்களையும் அவர்களுக்குக் கொடுத்த இழப்பீட்டையும் கேட்கின்றன. அமெரிக்க விமான நிலையங்கள் பயன்படுத்தும் 'இயான்ஸ்' என்ற வகைப்பாடு பொருளாதார நிலைப்பு, இயக்கத் திறன், இயற்கை வளப் பாதுகாப்பு, சமூகப் பொறுப்பு ஆகிய நான்கையும் ஒரே சட்டகத்தில் வைக்கிறது. இவற்றை அடிப்படையாகக் கொண்டு, உங்கள் நிலையத்துக்குப் பொருந்தாதவற்றை நீக்கினால் போதும். இருபது குறியீடுகளுக்கு மேல் போனால் அவற்றை யாரும் ஆண்டுதோறும் புதுப்பிக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

படி 2: வகுக்கும் எண்ணை நிலைப்படுத்துங்கள்

பயணிகளும் சரக்கும் ஒன்றாகக் கையாளப்படும் இடத்தில் 'ஒரு பயணிக்கு இவ்வளவு செலவு' என்று மட்டும் கணக்கிட்டால், சரக்கு அதிகமுள்ள நிலையம் செலவாளியாகத் தெரியும். அதனால்தான் இத்துறையில் 'பணிச்சுமை அலகு' என்ற அளவு வழக்கில் உள்ளது: ஒரு பயணி ஓர் அலகு, 100 கிலோ சரக்கும் ஓர் அலகு.

ஒரு கற்பனை நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40 லட்சம் பயணிகள், 20,000 டன் சரக்கு. சரக்கு 2 லட்சம் அலகுகள் ஆகிறது. மொத்தம் 42 லட்சம். இயக்கச் செலவு 121 கோடி ரூபாய், தேய்மானம் 50 கோடி, வட்டி 39 கோடி எனச் சேர்ந்து மொத்தச் செலவு 210 கோடி. ஆக ஓர் அலகுக்கு 500 ரூபாய். வருவாய் 231 கோடி, அதாவது அலகுக்கு 550 ரூபாய். தேய்மானத்தையும் வட்டியையும் விட்டுவிட்டு இயக்கச் செலவை மட்டும் வகுத்து 'அலகுக்கு 288 ரூபாய்தான்' என்று சொல்லும் அறிக்கைகளும் உண்டு. ஓடுபாதையும் முனையமும்தான் இத்தொழிலின் பெரும் முதலீடு என்பதால், அவற்றை ஒதுக்கிவிட்டுச் சொல்லப்படும் செலவுக் கணக்கால் பயன் இல்லை.

படி 3: பொருளாதார நிலைப்பை அதிர்ச்சி கொடுத்துப் பாருங்கள்

இலாப நட்டக் கணக்கு கடந்த ஆண்டின் நிலையைச் சொல்லும். நிலைத்தன்மைக்கு அது போதாது. நான்கு எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: அலகுச் செலவு; தரையிறக்கம், நிறுத்தம், பயணிக் கட்டணம் போன்றவை அல்லாத வழிகளில், அதாவது கடைகள், வாகன நிறுத்தம், வாடகை, விளம்பரம் ஆகியவற்றிலிருந்து வரும் வருவாயின் பங்கு; ஆண்டுக்குக் கட்ட வேண்டிய கடன் தவணையும் வட்டியும் சேர்ந்த தொகையை இயக்க உபரி எத்தனை மடங்கு ஈடுசெய்கிறது என்ற விகிதம்; போக்குவரத்து எத்தனை விமான நிறுவனங்களை நம்பி இருக்கிறது என்ற அடர்த்தி.

நம் கற்பனை நிலையத்தின் இயக்க உபரி 231 கோடியில் 121 கோடி போக 110 கோடி. அசலும் வட்டியுமாக ஆண்டுக்கு 88 கோடி கட்ட வேண்டும் என்றால் விகிதம் 1.25, வங்கி திருப்தியடையும். இப்போது, போக்குவரத்தில் 60 சதவீதம் வைத்திருக்கும் விமான நிறுவனம் ஒரே நாளில் மூடப்படுவதாகவும், அந்த இழப்பில் பாதியை மற்ற நிறுவனங்கள் ஓராண்டுக்குள் ஈடுசெய்வதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். வருவாய் 30 சதவீதம் குறைந்து ஏறத்தாழ 162 கோடி ஆகும். ஓடுபாதை விளக்கும் தீயணைப்பு நிலையமும் பயணி குறைந்ததற்காக மூடப்படுவதில்லை. ஆகவே இயக்கச் செலவு 115 கோடிக்குக் கீழே இறங்காது என்று கொள்வோம். உபரி 47 கோடிக்குச் சுருங்கும், விகிதம் 0.53. அலகுச் செலவோ 500 ரூபாயிலிருந்து 694 ரூபாய்க்கு ஏறும். இது மிகைக் கற்பனையன்று. 2012இல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் என இந்திய வானில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

மறுமுனையில் நிற்பது இலங்கையின் மத்தல ராஜபக்ச விமான நிலையம். பெரும்பகுதி சீனக் கடனில், ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகளைக் கையாளும் திறனோடு 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட அதிலிருந்து, ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2015 ஜனவரியில் விலகியது. பின்னர் அதன் சரக்குக் கிடங்குகளில் நெல் சேமிக்கும் நிலை வந்தது. திறன் என்பது பயன்பாடு ஆகாது. கட்டும் முன்பே அதிர்ச்சிச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அருகில் இல்லை.

நெடும்பாசேரி இந்த வகையில் நல்ல பாடம். 1994இல் நிறுவனமாகப் பதிவாகி, கேரள அரசும் ஏறத்தாழ முப்பது நாடுகளில் வாழும் மலையாளிகள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான பங்குதாரர்களும் பணம் போட்டு, 1999 மே 25 அன்று திறக்கப்பட்டது அது. பெருந்தொற்று ஆண்டான 2020-21இல் நட்டம் கண்ட அந்த நிறுவனம், 2023-24இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பயணிகளையும், ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிய வருவாயையும், 400 கோடிக்கு மேல் இலாபத்தையும் காட்டியது. ஆனால் அங்கேயே 2018 ஆகஸ்ட் 15 முதல் 29 வரை, பெரியாற்று வெள்ளம் ஓடுபாதையில் புகுந்து, விமானங்கள் நின்றுபோயின. 2013இலும் 2019இலும்கூட வெள்ளத்தால் மூடல் நேர்ந்தது. ஆகவே அதிர்ச்சிப் பட்டியலில் விமான நிறுவனத்தின் வீழ்ச்சியோடு, மூடப்பட்ட நாட்களையும் ஒரு தனி வரியாகச் சேருங்கள்: கடந்த பத்தாண்டில் எத்தனை நாள், எந்தக் காரணத்தால், ஒரு நாளுக்கு எவ்வளவு இழப்பு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இந்தியாவின் பெரிய விமான நிலையங்களில் கட்டணங்களை ஐந்தாண்டுக் காலப்பகுதிக்கு நிர்ணயிப்பது ஏரா எனப்படும் ஒழுங்குமுறை ஆணையம். ஒரு காலப்பகுதியில் அனுமதிக்கப்பட்ட வருவாய் குறைந்தால், அடுத்த காலப்பகுதியின் கட்டணத்தில் அது ஈடுசெய்யப்படும். ஆக, நிறுவனம் அதிர்ச்சியைத் தாங்கிவிட்டது என்று பதிவு செய்யும்போது, அந்த இழப்பின் ஒரு பகுதியைப் பின்னால் வரும் பயணி சுமக்கிறார். 'தாங்கியது யார்?' என்ற ஒரு பத்தியை அட்டவணையில் சேர்த்தால் பொருளாதாரக் கணக்கும் சமூகக் கணக்கும் அங்கேயே கைகோத்துவிடும்.

படி 4: சுற்றுவட்டாரத்துக்கு வரும் பயனை மிகைப்படுத்தாமல் எண்ணுங்கள்

விமான நிலையத்தால் உண்டாகும் வேலைகளை நேரடி, மறைமுக, தூண்டப்பட்ட, ஊக்குவிக்கப்பட்ட வேலைகள் என நான்காகப் பிரிப்பது வழக்கம். நிலையத்தில் வேலை செய்பவர் முதல் வகை. அந்த நிலையத்துக்குப் பொருள் வழங்கும் நிறுவனத்தில் வேலை செய்பவர் இரண்டாம் வகை. இவர்கள் சம்பளத்தைச் செலவிடுவதால் மளிகைக் கடையில் உருவாகும் வேலை மூன்றாம் வகை. விமானத் தொடர்பால் வளரும் சுற்றுலா, ஏற்றுமதி ஆகியவற்றில் வரும் வேலை நான்காம் வகை. முதல் வகையைத் தலையெண்ணி அறியலாம். மற்றவை பெருக்கற் குணகங்களால் வருவிக்கப்படுபவை. குணகம் சற்றே மாறினால் ஆயிரக்கணக்கான வேலைகள் தோன்றும் அல்லது மறையும். நான்கையும் கூட்டி ஒரே பெரிய எண்ணாக வெளியிடுவதை நான் நேர்மையான முறை என்று கருதுவதில்லை. நான்கு வரிகளாகத் தனித்தனியே காட்டுங்கள்.

தலையெண்ணுவதற்குச் சிறந்த இடம் பாதுகாப்பு நுழைவு அட்டை வழங்கும் அலுவலகம். வேலிக்குள் வேலை செய்யும் எவரும் அந்த அட்டை இல்லாமல் உள்ளே போக முடியாது. பட்டியலை வாங்கியதும் மூன்று திருத்தங்களைச் செய்ய வேண்டும்: வேலையை விட்டுப் போயும் அட்டை செல்லுபடியாகும் நிலையில் இருப்பவர்களை நீக்குவது, சில நாட்களுக்கான தற்காலிக அட்டைகளைப் பிரிப்பது, அட்டை தேவைப்படாத டாக்சி ஓட்டுநர், வெளிப்புறக் கடைக்காரர் போன்றோரை நேரில் எண்ணிச் சேர்ப்பது. பிறகு ஐரோப்பிய விமான நிலையங்களில் 2015இல் நடந்த ஆய்வு ஒன்றின் விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு பத்து லட்சத்துக்கும் குறைவான அலகுகளைக் கையாளும் நிலையத்தில் கூடுதலாகும் ஒவ்வோர் ஆயிரம் அலகுக்கும் 1.2 வேலையும், பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை 0.95 வேலையும், அதற்கு மேல் 0.85 வேலையும் உருவாவதாக அது கண்டது. நிலையம் பெருகப் பெருக வேலை அதே வேகத்தில் பெருகுவதில்லை. விரிவாக்கத் திட்டங்களின் விளம்பரங்களில் இந்தச் சரிவு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

கொள்முதல் செலவில் உள்ளூர்ப் பங்கைக் கணக்கிடும்போது, ரசீதில் உள்ள முகவரியை நம்பாதீர்கள். உள்ளூரில் கிளை மட்டும் வைத்திருக்கும் தலைநகர நிறுவனத்துக்குப் போகும் பணம் உள்ளூரில் தங்குவதில்லை.

படி 5: வேலையின் தரம்

சமூகப் பகுதியில் மிகவும் வழுக்கும் இடம் இது. சராசரிச் சம்பளம் எதையும் சொல்லாது. விமானிகளும் அதிகாரிகளும் அதை உயர்த்திவிடுவார்கள். வேலிக்குள் உள்ள அனைவரிலும் குறைந்த சம்பளம் பெறும் பத்து சதவீதத்தினரின் கையில் கிடைக்கும் தொகையை, அந்த மாவட்டத்தில் ஒரு குடும்பம் நடத்த ஆகும் செலவோடு ஒப்பிடுங்கள். ஒப்பந்ததாரர்களிடம் சம்பளப் பட்டியலைக் கேட்டால் தயங்குவார்கள்; ஆகவே அடுத்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதே தரவு தரும் கடப்பாட்டை ஒரு நிபந்தனையாக எழுதிவிட வேண்டும். அதுவரை நேர்காணல்தான் வழி. மேலாளர் இல்லாத இடத்தில், தொழிலாளியின் மொழியில், பணிமாற்ற நேரத்தில் அல்லாமல் அவர் ஓய்வில் இருக்கும்போது அது நடக்க வேண்டும்.

கேள்விகள் திட்டவட்டமாக இருக்கட்டும். 'திருப்தியாக இருக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு 'இருக்கிறோம்' என்ற பதில்தான் வரும். நள்ளிரவு ஒரு மணிக்குப் பணி முடிந்தால் எப்படி வீட்டுக்குப் போகிறீர்கள், கடந்த மாதம் எத்தனை நாள் தொடர்ச்சியாக இரு பணிமுறை செய்தீர்கள், உட்கார்ந்து சாப்பிட இடம் எங்கே, வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பணம் ஏறியதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், ஒப்பந்த நிறுவனம் மாறியபோது பணிமூப்பு தொடர்ந்ததா ஆகியவற்றுக்குக் கிடைக்கும் பதில்களை எண்ணாக்கலாம். அடுத்த ஆண்டோடு ஒப்பிடலாம். பெண்களின் பங்கையும் மொத்தமாகச் சொல்லாமல் பணிவகை வாரியாகச் சொல்லுங்கள். துப்புரவில் உள்ள பெண்களின் எண்ணிக்கை மேலாண்மையில் இல்லாததை மறைத்துவிடும்.

நிறுவனச் சட்டப்படி செய்யும் சமூகப் பொறுப்புச் செலவை இந்தப் பகுதியில் சேர்க்காதீர்கள். பள்ளிக்கு மேசை வாங்கிக் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் அது செலவின் அளவு, விளைவின் அளவு ஆகாது.

படி 6: நிலம் கொடுத்தவர்கள்

நெடும்பாசேரித் திட்டத்துக்காக 800க்கும் மேற்பட்ட குடும்பங்கள் மறுகுடியமர்த்தப்பட்டன. அவர்களில் பலருக்கு முன்பணம் செலுத்தும் டாக்சி சேவை, சுமை தூக்கும் பணி போன்ற வேலைகள் அங்கேயே கிடைத்தன. இந்திய நிலைமையில் இது குறிப்பிடத்தக்கது. ஆனால் அளப்பவர் இதோடு நின்றுவிடக் கூடாது. இழப்பீடு கொடுத்து முடித்த அன்று கோப்பு மூடப்படுகிறது; குடும்பத்தின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆகவே இடம்பெயர்ந்த குடும்பங்களின் பட்டியலைக் கொண்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே குடும்பங்களைச் சந்தித்து, வருவாய், கடன், வீட்டின் உரிமை, அடுத்த தலைமுறையின் படிப்பும் தொழிலும் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். பட்டா வைத்திருந்தவரோடு சேர்த்து, அந்த நிலத்தில் குத்தகைக்கும் கூலிக்கும் உழைத்தவரையும் சேர்க்க வேண்டும். ஏஓ8 குறியீடு வாழ்வாதார இழப்பையும் கேட்பது இதனால்தான்.

இதற்கு அடிப்படை ஆண்டு மிகவும் முக்கியம். நிலம் எடுத்த பிறகு எடுக்கும் கணக்கெடுப்பு, ஏற்கெனவே குலைந்துபோன வாழ்க்கையையே தொடக்கப் புள்ளியாக வைத்துவிடும். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்காக 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர்த் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து போராடி வருகிறார்கள். அத்திட்டம் எந்தத் திசையில் போனாலும், ஏரிப்பாசனமும் கால்நடையும் சார்ந்த இன்றைய வருவாயை வீடு வீடாகப் பதிவு செய்து வைத்தால்தான் நாளை எதையும் ஒப்பிட முடியும்.

நீரும் இந்தப் படியில்தான் வருகிறது. நெடும்பாசேரியில் ஓடுபாதை அமைந்தபோது செங்கல்தோடு என்ற ஓடையின் இயல்பான போக்கு தடைப்பட்டது என்பது சுற்றுக் கிராமத்தவரின் நெடுநாள் குறை. 2018க்குப் பிறகு நிலையம் மேற்கொண்ட வெள்ளத்தடுப்புப் பணிகளில் வெளியே உள்ள கால்வாய்களும் பாலங்களும் இடம்பெற்றன. இப்படிப்பட்ட பணியின் பலனை அளக்க, ஓடுபாதை நனைந்ததா என்று பார்ப்பதோடு, அதே மழையில் வெளியே எத்தனை வீடுகளில் தண்ணீர் புகுந்தது என்பதையும் எண்ண வேண்டும்.

படி 7: இரைச்சல்

ஐரோப்பாவில் வழங்கும் பகல்-மாலை-இரவு அளவில், மாலை நேர இரைச்சலுக்கு 5 டெசிபெலும் இரவுக்கு 10 டெசிபெலும் கூட்டப்படும். அதாவது ஓர் இரவு விமானம் பத்துப் பகல் விமானங்களுக்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் விமான இரைச்சலுக்குப் பரிந்துரைத்த வரம்பு இந்த அளவில் 45 டெசிபெல். இரவுக்கு மட்டும் 40.

இந்த அளவு தேவைதான். ஆனால் இது மட்டும் போதாது. டெசிபெல் மடக்கை அளவு என்பதால், விமானங்களின் எண்ணிக்கை இரட்டித்தாலும் சராசரி 3 டெசிபெல்தான் கூடும். வீட்டுக்கூரைக்கு மேலே நாளொன்றுக்கு 50 விமானம் போன இடத்தில் 100 போகிறது. அறிக்கையிலோ 58 என்பது 61 ஆகியிருக்கும். ஆஸ்திரேலியர்கள் சிட்னி அனுபவத்திலிருந்து உருவாக்கிய 'என்70' என்ற குறியீடு இதைச் சரிசெய்கிறது: ஒரு நாளில் 70 டெசிபெலைத் தாண்டிய நிகழ்வுகள் எத்தனை என்று அது எண்ணிச் சொல்லும். ஜன்னல் திறந்திருக்கும் வீட்டுக்குள் பேச்சு தடைபடும் அளவு ஏறத்தாழ அதுதான். எந்தக் கிராமசபையிலும் இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

ஆண்டுச் சராசரி இன்னொன்றையும் மறைக்கும். நெடும்பாசேரியில் ஓடுபாதையைப் புதுப்பிக்க 2019 நவம்பரில் தொடங்கி பகல் 10 மணி முதல் மாலை 6 மணி வரை ஓடுபாதையை மூடினார்கள். பகல் விமானங்கள் மாலைக்கும் இரவுக்கும் அதிகாலைக்கும் நகர்ந்தன. அத்தகைய மாதங்களைத் தனியே காட்ட வேண்டும். அதேபோல் காற்றின் திசை மாறும்போது விமானம் இறங்கும் முனையும் மாறும் என்பதால், ஓடுபாதையின் இரு முனைகளிலும், பருவமழைக் காலத்திலும் கோடையிலும் அளவெடுக்க வேண்டும். புகார்களின் எண்ணிக்கையைக் குறியீடாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. புகார் எழுதத் தெரிந்தவர்கள் வாழும் பகுதியிலிருந்துதான் புகார் வரும்.

படி 8: பயணிகள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம், ஏனெனில் விமான நிலையங்கள் மிகுந்த ஆர்வத்தோடு அளப்பது இதைத்தான். வாடிக்கையாளர் மதிப்பெண்ணுக்குப் பதிலாக, சக்கர நாற்காலி கேட்டவர்களில் எத்தனை சதவீதத்தினர் பத்து நிமிடத்துக்குள் பெற்றார்கள், தண்ணீரும் தேநீரும் வெளியே விற்கும் விலையைப்போல் எத்தனை மடங்கு, பொதுப் பேருந்தில் வந்து சேரக்கூடிய விமான நேரங்கள் எத்தனை ஆகிய மூன்றையும் பதிவு செய்யுங்கள்.

படி 9: கூட்டுவதும் வெளியிடுவதும்

எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாக்கும்படி மேலிடத்திலிருந்து கேட்பார்கள். கூடுமானவரை மறுத்துவிடுங்கள். மறுக்க முடியாவிட்டால் சாதாரணச் சராசரியைத் தவிர்த்துப் பெருக்குச் சராசரியைப் பயன்படுத்துங்கள். பொருளாதாரத்தில் 90, சமூகத்தில் 10 பெற்ற நிலையத்துக்குச் சாதாரணச் சராசரி 50 தரும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காணும் பெருக்குச் சராசரி 30தான் தரும். ஒன்றின் மிகுதி மற்றொன்றின் பற்றாக்குறையை மூடிவிடாமல் இருக்க, ஐக்கிய நாடுகளின் மனித மேம்பாட்டுக் குறியீடும் 2010இல் இம்முறைக்கு மாறியது. எந்தக் குறியீட்டுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்ற எடைகளை முடிவு செய்யும் கூட்டத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் பிரதிநிதியும் ஓடுபாதை முனையில் உள்ள ஊராட்சியின் உறுப்பினரும் வாக்குரிமையோடு இருக்க வேண்டும். அரசு விமான நிலையங்களில் நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் இயங்கும் ஆலோசனைக் குழுவை இதற்குப் பயன்படுத்தலாம்.

அறிக்கை வட்டார மொழியில் வெளிவர வேண்டும்; நெடும்பாசேரி என்றால் மலையாளத்தில், மதுரை என்றால் தமிழில். கணக்கிடும் முறை ஏதேனும் ஆண்டில் மாறினால், முந்தைய மூன்று ஆண்டுகளின் எண்களையும் புதிய முறையில் திருப்பிக் கணக்கிட்டு, பழைய எண்ணையும் அருகிலேயே வைத்திருங்கள். அளவெடுப்பை, மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் மாறும் விமானக் கால அட்டவணையோடு பொருத்திக்கொண்டால், கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என ஆண்டுக்கு இரண்டு தொகுப்புகள் கிடைக்கும். நேர்காணல்களை அட்டவணை மாறி ஆறு வாரம் கழித்துத் தொடங்குங்கள், அதற்குள் புதிய பணிமுறைகள் நிலைபெற்றிருக்கும்.